இருபதாவது கல்

மதியம் மூன்று மணிக்கே பள்ளத்தாக்கில் இருட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. டிசம்பர் என்றால் அப்படித்தான். ஆட்டுக்கொட்டிலைத் தாழிட்டுவிட்டுத் திரும்பிய இஷ்பெல், கேட்டுக்கு வெளியே இருந்த கற்குவியலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். உச்சியில் ஒரு கல் கூடுதலாக இருந்தது. ஓடையில் கிடந்து வழவழத்துப்போன சாம்பல் நிறக் கல். ஈரம் இன்னும் காயவில்லை.

எண்ணிப் பார்த்தாள். இருபது. ஐம்பத்து மூன்று வருடமாக அவள் பார்த்துவரும் குவியலில் பத்தொன்பதுதான் உண்டு.

மக்ராவன் குலத்தில் சண்டைக்குப் புறப்படுகிறவன் இங்கே ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் போவான். உயிரோடு திரும்பினால் தன் கல்லைத் தன் கையால் எடுத்துக்கொள்வான். மிஞ்சுகிற கற்களெல்லாம் செத்தவர்கள். அவற்றை யாரும் தொடக்கூடாது. கடைசியாகக் கல் வைத்துப் போனது முந்நூறு வருடத்துக்கு முன்னால். அன்று மிஞ்சியவைதான் இந்தப் பத்தொன்பதும். கோடை வந்துவிட்டால் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிற சொந்தங்கள் குலத்துக் கட்டம்போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு இதன் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். ‘நம் வீரர்களுக்காக’ என்று விஸ்கிக் கோப்பையைத் தூக்கிக் கண்கலங்குவார்கள். வீரர்கள் போன காரியம் என்னவென்று இஷ்பெல் அவர்களிடம் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக்குக் கூடியிருந்த மக்டூரி குலத்தாரை, பெண்டு பிள்ளைகளோடு தேவாலயத்துக்குள் அடைத்துக் கூரைக்குத் தீ வைத்தார்கள். திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டு செத்தார்கள். அதற்கு ஒரு கண்ணீர் வேறு.

அவள் சமையலறைக்குள் நுழைந்தபோது தம்பி லாக்லன் குனிந்து பூட்ஸைக் கட்டிக்கொண்டிருந்தான். துப்பாக்கி மேஜைமேல் கிடந்தது.

“குவியல்ல கல்லு வச்சது நீதானே?”

“ஆமா. சண்டைக்குப் போறவன் வைக்கணும்ல? நம்ம முறைதானே அக்கா?”

“விளையாடுற விஷயமாடா அது?”

“யாரு விளையாடுறா? வேலியோட சேத்து என் மூணு ஆட்டையும் ஓடையில தள்ளியிருக்கான் அந்த முர்டோ. மக்டூரிப் பயலுக புத்தி எங்க போகும்? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுதான் வருவேன்.”

“துப்பாக்கிய வச்சுட்டுப் போ.”

“வெறுங்கையோட போனா சிரிப்பான்.”

“உன்ன விட்டா எனக்கு யார்டா இருக்கா?”

அவன் துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். கதவைத் திறந்தபோது குளிர் உள்ளே பாய்ந்தது.

“திரும்பி வந்ததும் முதல்ல அந்தக் கல்ல எடுத்துடு. நீயேதான் எடுக்கணும்.”

“சரி சரி. டீ போட்டு வை.”

அவன் போன பிறகு இரும்பு அடுப்பில் எரிப்பதற்காக வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் இரண்டைப் போட்டுவிட்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியில் பனிமழை பொரிபொரியாகத் தெறிக்கும் சத்தமும், கொட்டிலில் ஆடுகள் இடம் மாறி மாறி நிற்கும் சத்தமும், எங்கோ கீழே ஓடை கற்களை உருட்டிக்கொண்டு போகும் சத்தமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. மேட்டுக்கு அந்தப் பக்கம் முர்டோவின் வீட்டு விளக்கு எரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். எரியவில்லை. லாக்லனைக் கைபேசியில் கூப்பிட்டாள். அவனுடைய கைபேசி பாத்திர அலமாரியின்மேல் மணியடித்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், தடிமாடு.

அப்போதுதான் வெடிச்சத்தம் கேட்டது.

ஒரே ஒரு வெடி. மலையில் மோதி, பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு, மெல்ல அடங்கியது. அதன்பிறகு ஆடுகள்கூட அசையவில்லை.

அவன்தான் சுட்டானா? அல்லது அவனைச் சுட்டார்களா? முர்டோ சாதுதான். போன வருடம் பனியில் அவளுடைய காரைக் கயிறு கட்டி இழுத்துக் கொடுத்தவன். ஆனாலும் மக்டூரி மக்டூரிதானே என்று அவள் மனசு சொன்னது. சொன்னதற்கு வெட்கமும்பட்டாள். பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. கல் அங்கே இருக்கிறவரை அவன் திரும்பாதவன். கல்லே இல்லாவிட்டால்? எடுத்துவிட்டால் வந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? படித்தவள்தான், அஞ்சலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள்தான். ஆனாலும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள்.

டார்ச் எடுக்கத் தோன்றவில்லை. இருட்டில் குவியல் கறுப்பாக நின்றது. கேட்டைத் தாண்டும் அவசரத்தில் முழங்கால் குவியலில் இடித்தது, மேலிருந்த கற்கள் இரண்டு மூன்று சரிந்து உருண்டன. பனிமழையில் எல்லாமே நனைந்திருந்தன. தடவினாள். எல்லாம் ஒரே குளிர், ஒரே ஈரம். உருண்டவற்றில் ஒன்றைத் தூக்கினாள். இதுதான். இதுவாகத்தான் இருக்கும். குழந்தையை அணைப்பதுபோல நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து மேஜையில் வைத்தாள்.

கேட் கிறீச்சிட்டது.

வந்துவிட்டான்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். பாதையில் காலடிகள் நிதானமாக வந்தன. பூட்ஸுக்கு அடியில் சரளைக்கல் நெரிபடுகிற சத்தம் இல்லை. ஈரத்தோல் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம்.

விளக்கு வெளிச்சத்தில் மேஜைமேல் இருந்த கல்லைப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் பாசி பொருக்குத் தட்டிப் படர்ந்திருந்தது. நூறு வருடப் பாசி. இருநூறு வருடப் பாசி.

வருடக்கணக்காக வெட்டவெளியில் காய்ந்து கிடந்த கல்லில்தான் இந்தப் பொருக்கு பிடிக்கும். ஓடையில் கிடந்த கல்லில் ஏது?

காலடிகள் வாசலில் நின்றன. தாழ்ப்பாள் மெல்ல உயர்ந்தது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. முதலில் வாடைதான் உள்ளே வந்தது. கூரைப்புல் எரிந்த வாடை. அதற்கு அடியில், தலைமுடி பொசுங்கிய வாடை. லாக்லனின் நாற்காலி முனகியது. ஒரு கை மேஜைமேல் நீண்டது. கறுத்த கை. விரல்களுக்கு நடுவே மண். அது கல்லை எடுத்துக்கொண்டது.

கெட்டில் மட்டும் சீறியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. கழுத்துக்குப் பின்னால் மூச்சு இல்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

தூரத்தில் சீட்டி ஒலி.

லாக்லன்! அவனுடைய சீட்டிதான். கூடவே இன்னொருவரின் சிரிப்பு. கேட்டுக்கு வெளியே கற்கள் புரளும் சத்தம்.

“அக்கா! கல்ல எடுத்துட்டேன், திருப்திதானே? விருந்தாளி வந்திருக்கான், இன்னொரு கோப்பை எடுத்து வை! ஆடுகள அடிச்சுட்டுப் போனது வெள்ளமாம். ரெண்ட இவனே இழுத்துக் கரையேத்தியிருக்கான். கால் ஒடிஞ்ச ஒண்ணத்தான் சுட வேண்டியதாப் போச்சு.”

இஷ்பெலின் குரல் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. “வேணாம்! அவனக் கூட்டிட்டு உள்ள வராதே!”

வாசலில் சிரிப்பு. “பாத்தியா முர்டோ? எங்க அக்காவுக்குக் கோபம் இன்னும் ஆறல.”

“ஆறிடும், ஆறிடும்.” கனமான, கூச்சப்பட்ட குரல். பூட்ஸில் ஒட்டிய சேற்றை உதறிக்கொண்டே முர்டோ உள்ளே கால் வைத்தான். “இஷ்பெல், ஒரு மக்டூரிக்கு உங்க வீட்டுல டீ கிடைக்குமா?”

மக்டூரி என்ற பெயரைக் கேட்டதும் நாற்காலி முனகுவதை நிறுத்தியது.

அதில் உட்கார்ந்திருந்த உருவம் எழுந்து அவளைத் தாண்டிப் போனது. அவசரமே இல்லை. முர்டோவின் முகத்தில் புன்னகை அப்படியே நின்றுபோனது. லாக்லன் கையிலிருந்த கல் கீழே விழுந்தது. அந்த உருவம் அவர்கள் இருவருக்கும் பின்னால் போய்க் கதவைச் சாத்தியது. குறுக்குக் கட்டையைப் போட்டது. சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தது. பழகிய கை.

பிறகு அடுப்புக்கு வந்தது. இரும்புக் கதவைத் திறந்தது. வெறுங்கையை உள்ளே விட்டுக் கனிந்த கட்டி ஒன்றை எடுத்தது.

கூரையைப் பார்த்தது. அந்தக் கட்டியை வாயருகே கொண்டுபோய், கஞ்சி ஆற்றுவதுபோல, மெதுவாக ஊதத் தொடங்கியது.