பெரியவரைக் கூப்பிடும் பெட்டி

“மருந்தை மேல் தட்டுல வெச்சா போதாதா?” என்று பூட்டுப் பெட்டி வந்த அன்றைக்குப் பூங்கோதை கேட்டாள்.

“எந்த மேல் தட்டு? உன் பொண்ணு இப்பத்தான் கூரையிலேர்ந்து இறங்கி வந்தா” என்றான் அதியன்.

“அலமாரிக்குப் பின்னால?”

“அங்க கருப்பட்டி தூங்குது.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவிலேயே அவன் கண் ஒருமுறை வலது ஓரத்துக்குப் போய்வந்தது. அவள் அவனிடம் ஒன்று கேட்க நினைத்தாள். வழக்கம்போலக் கேட்கவில்லை. இப்போது தரையில் சுருண்டு கிடந்தபடி, வலியை மறக்க அந்தச் சிரிப்பைத்தான் நினைத்துக்கொண்டாள்.

நிலவின் வெண்குழிக் குடியிருப்பில் குழந்தைக்கு எட்டாத உயரம் என்று ஒன்று கிடையாது. பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான் அங்கே. நான்கு வயது யாழி பல் தேய்க்க மறுத்தால் கூரைக்குத் தாவி விளக்குச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பூனை கருப்பட்டி அவளுக்கு முன்பே அங்கே போய் இடம் பிடித்திருக்கும். கீழே நின்று கெஞ்சுவது பெற்றோரின் அன்றாடக் காலை வேலை.

அதே ஈர்ப்புக் குறைவு பெரியவர்களின் எலும்பைத் தின்றது. எலும்புநோவு கண்டவர்களுக்கு மருத்துவர்கள் கஞ்சாச் சத்தைப் பழச்சாற்றில் உறையவைத்து வில்லைகளாகத் தந்தார்கள். பச்சை நிறம், கொய்யா வாசனை. பார்வைக்கு மிட்டாய்தான். எதிர் வரிசையில் ஒரு குழந்தை அதைக் கைநிறைய அள்ளித் தின்றுவிட்டு, மூச்சு மந்தமாகி, மருத்துவ அறையில் கிடந்து பிழைத்தது. அதன் பிறகு வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கட்டாயமாயிற்று.

முதலில் விரல்ரேகைப் பூட்டு வந்தது. அந்த ஈர்ப்பில் தூங்கும் அப்பாவின் கையை மட்டுமல்ல, அப்பாவையே முழுதாக இழுத்துவந்து பெட்டியைத் திறக்கலாம் என்று குழந்தைகள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். பிறகு வந்ததுதான் கவனப்பூட்டு. பெட்டியின் முகப்பில் ஒரு நீலப் புள்ளி. மூன்று நிமிடம் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தால் கதவு திறக்கும். குழந்தைகளாலும் விலங்குகளாலும் அவ்வளவு நேரம் ஒன்றையே பார்த்திருக்க முடியாது, வளர்ந்த மனிதர்களால் முடியும் என்று அதை வடிவமைத்தவர்கள் நம்பினார்கள்.

இதுவரை பெட்டியைத் திறந்தது பூங்கோதை மட்டுமே. வலி தலைகாட்டும்போதே போய் உட்கார்ந்துவிடுவாள். இன்று அடுப்பில் பாசிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது முதுகுத்தண்டில் ஒரேயடியாக இறங்கிவிட்டது. உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் புள்ளி அவள் கண்ணில் நிற்கவில்லை. மருத்துவ அறைக்குப் போகும் சுரங்கவழியைக் காற்றழுத்தச் சோதனைக்காக மாலைவரை அடைத்திருந்தார்கள்.

“நான் திறக்கிறேன் கோதை. மூணு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கோ.”

அதியன் பெட்டி முன் அமர்ந்தான். சரக்குக் கலங்களின் போக்குவரத்தைக் கவனிப்பது அவன் வேலை. அங்கே எல்லாருக்கும் இருப்பதுபோல அவன் கண்ணிலும் இமைத்திரை பதித்திருந்தது. அதன் வலது ஓரத்தில் செய்திகள் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். ஏதோ ஒரு கலம் தாமதமாம். கண் அங்கே போனது.

“அன்புக் குழந்தையே,” என்றது பெட்டி, கனிவாக. “இது உனக்கானதல்ல. பெரியவர் யாராவது இருந்தால் கூட்டி வா.”

“அப்பா பாப்பாவாம்!” என்று கூரையிலிருந்து யாழி கைகொட்டினாள்.

அவன் இமைத்திரையை அணைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். இப்போது ஓரத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கண்மணி அந்த வெற்று ஓரத்துக்குத் தானாகவே போய், ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பியது.

“அன்புக் குழந்தையே…”

“உடைச்சிடுங்க” என்று முனகினாள் பூங்கோதை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் கசிந்திருந்தது.

“உடைச்சா உள்ள இருக்கறதைப் பெட்டியே கரைச்சிடும்மா.” என்றான் அதியன். “வெறும் ஒரு புள்ளி, கோதை. அதைக்கூடப் பார்க்க முடியலையே என்னால!”

மீண்டும் முயன்றான். மீண்டும் குழந்தையானான். கடைசியில் சுவரில் நெற்றியை வைத்து அழுதான். அப்போது கருப்பட்டி கூரையிலிருந்து மெல்ல மிதந்து இறங்கி, பெட்டியின் முன் அமர்ந்தது. பூச்சியைப் பார்ப்பதுபோல நீலப் புள்ளியைப் பார்த்தது. வால் அசையவில்லை. மீசை அசையவில்லை.

“வணக்கம், பெரியவரே” என்றது பெட்டி. கதவு திறந்தது.

“மிட்டாய்!” யாழி கூரையை உதைத்துப் பாய்ந்தாள்.

பதறி எழுந்த வேகத்தில் அதியன் தரையை விட்டு மேலே போய்விட்டான். கூரையில் தலை மோதி, மெதுவாக, மிக மெதுவாக இறங்கினான். காற்றில் கைகாலை உதறுவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாமல், மகள் வில்லைப் பையை எடுப்பதையும் அதன் வாயைப் பல்லால் கடிப்பதையும் பார்த்துக்கொண்டே வந்தான். பையின் இரட்டை மடிப்பு இளகுவதற்குள் பூங்கோதை ஊர்ந்து வந்து மகளின் காலைப் பற்றி இழுத்தாள். அந்த அசைவில் அவள் போட்ட அலறலைக் கேட்டு யாழியே பையை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அதியன் தரைக்கு வந்ததும் மகளின் வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. மனைவிக்கு ஒரு வில்லையைக் கொடுத்து, மீதியை வைத்துக் கதவைச் சாத்தினான்.

“பெரியவரே,” என்று பெட்டி பூனையிடம் விடைபெற்றது. “உங்கள் வீட்டுக் குழந்தைகள் இன்று பலமுறை வந்து தொந்தரவு செய்தார்கள். சற்றுக் கவனியுங்கள்.”

அவன் கருப்பட்டியைத் தூக்கி அடுத்த அறையில் விட்டுத் தாழிட்டான். யாழி விசும்பியபடியே தூங்கிப்போனாள். வில்லை வேலைசெய்ய வெகு நேரம் ஆகும். அதுவரை வலியோடு கிடக்க வேண்டியதுதான். பூங்கோதையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

“பூனைக்குத் திறக்குற பூட்டு! இரு, இந்தப் பெட்டிக்காரனுக்கு இப்பவே ஒரு புகார் அனுப்பறேன்.”

இமைத்திரை ஒளிர்ந்தது. கண் வலது ஓரத்துக்கு நகர்ந்தது. மணமேடையிலும் அப்படித்தான் நகர்ந்தது. யாழி பிறந்து முதல் குரல் எழுப்பியபோதும் நகர்ந்தது. நமக்காகத்தானே உழைக்கிறார் என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்க வந்ததை விழுங்கியிருக்கிறாள். இன்று விழுங்கத் தெம்பில்லை.

அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“என்னங்க… கருப்பட்டி அந்தப் புள்ளியைப் பார்த்த மாதிரி, என்னை ஒரு மூணு நிமிஷம் பாருங்க.”