டோனி என்ற செயற்கைக்கோள்

நான் சிறுமியாக இருந்தபோது திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு கம்பெனி இருந்தது. பிராங்கிளின் சித்தப்பாவும் அவருடைய நண்பர் ஜெகபர் அலி அண்ணனும் நடத்தினார்கள். குட்டிச் செயற்கைக்கோள்களுக்கு மின்சார எஞ்சின் செய்வார்கள். அவற்றை வானத்தில் நடத்த மென்பொருளும் எழுதுவார்கள். அங்கே ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடும். இன்றும் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எனக்கு அந்தக் கோடை விடுமுறைதான் ஞாபகம் வரும்.

"எங்க எஞ்சினுக்கு பலம் கம்மிதான் வினோலியா," என்பார் சித்தப்பா. "உள்ளங்கையில ஒரு காகிதத் துண்டு இருக்குற கனம், அம்புட்டுத்தான். ஆனா மாசக்கணக்கா நிக்காம தள்ளும். மெல்லத் தள்ளியே எங்கிட்டோ கொண்டுபோயிரும்."

மென்பொருளைப் பெங்களூரில் ஒரு செயற்கைக்கோள் கம்பெனிக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கியது. அதற்குமுன் அதில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று விளையாடிப் பார்க்கலாம் என்றார் சித்தப்பா. தெருப் பிள்ளைகளையெல்லாம் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனார்.

"நீங்கதான் சேட்டிலைட். வினோலியா தரையில இருந்து கட்டளை போடுவா. சொன்னதை மட்டும் செய்யணும். சொல்லாததைச் செய்யக் கூடாது."

என் தம்பி டோனி அப்போது ஒன்றாம் வகுப்பு. இரண்டு கைகளையும் விரித்து நீட்டிக்கொண்டான். அவைதான் சூரியத் தகடுகளாம்.

"டோனி, எஞ்சினைப் போடு," என்றேன்.

அடிமேல் அடி வைத்து நத்தைபோல நகர ஆரம்பித்தான்.

திடீரென்று காற்று புழுதியை வாரி இறைத்தது. பின்னாலேயே மழை. எல்லோரும் வகுப்பறை வராந்தாவுக்கு ஓடினோம். ஜெகபர் அண்ணன் சுண்டல் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"டோனி எங்க?" என்றேன்.

யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பா வகுப்பறைகளில் தேட ஓடினார். டோனி மழைக்கு ஒதுங்கியிருக்க மாட்டான். அவனிடம்தான் யாரும் நிற்கச் சொல்லவில்லையே.

மழை வருமுன் அவன் பள்ளியின் பின்வாசலைப் பார்த்துத்தான் நடந்துகொண்டிருந்தான். மழையில் இறங்கி அந்தப் பக்கம் ஓடினேன். வாசலைத் தாண்டினால் ஒரு சந்து. சந்து முடிந்தால் வத்தலக்குண்டு பஸ்கள் போகும் ரோடு.

சந்தின் முனையில் டோனி தெரிந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விரித்த கைகளை அப்போதும் மடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் ரோடு. அலறினால் மிரண்டு ஓடிவிடுவானோ என்று பயந்தேன்.

"டோனி, எஞ்சினை நிறுத்து."

அப்படியே நின்றான். அவன் முன்னால் ஒரு பஸ் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

ஓடிப்போய் அவனை இழுத்து அணைத்துக்கொண்டேன். "மழை பெய்யுதுல்ல, ஏன்டா நிக்கல?"

"நீ சொல்லலியேக்கா." விரித்த கைகளை அப்போதுதான் மடக்கினான். "ரொம்ப நேரமா நீ பேசவே இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு."

அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். சித்தப்பா தன் சட்டையைக் கழற்றி அவன் தலையைத் துவட்டினார்.

"சித்தப்பா, உங்க சேட்டிலைட்டும் இப்படித்தானே?" என்று கேட்டேன். "இங்க கரண்டு போயி நம்மளால கூப்பிட முடியலைன்னா, அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்குமா?"

சித்தப்பா ஜெகபர் அண்ணனைப் பார்த்தார்.

"அதைப் பெறகு எழுதிக்கலாம்னு வச்சிருந்தோம்," என்றார் ஜெகபர் அண்ணன் மெதுவாக.

"பெறகு வேணாம்ணே, பாவம். ரொம்ப நேரம் யாரும் பேசலைன்னா எஞ்சினை நிறுத்திட்டு, வெயிலைப் பாத்து நிக்கச் சொல்லுங்க. நாம கூப்பிடுற வரைக்கும் பயப்படாம இருக்கட்டும்."

அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து அதை எழுதினார்கள். டோனி போர்வைக்குள் சுண்டல் தின்றபடி வேடிக்கை பார்த்தான்.

"இந்தக் கட்டளைக்கு என்ன பேரு வைக்கலாம் அப்பு?" என்று ஜெகபர் அண்ணன் அவனைக் கேட்டார்.

"அக்கா," என்றான் டோனி. அதையே வைத்தார்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு எல்லாம் பிடித்துப்போனதாம். ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்: 'அக்கா' என்பது எந்தச் சொற்களின் சுருக்கம்?

"அக்கான்னா அக்காதாங்க," என்றாராம் சித்தப்பா.