பதினேழாம் மெஷினின் ஊசி

காலை 11.20. ஸ்டோர் ரூம் கதவு உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஸ்டோர்க்காரர் தட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கடைசியில் தோளைக் கொடுத்து இடித்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. கதவு பாதி திறந்து நின்றுவிட்டது. அதன் பின்னால் பதினேழாம் மெஷின்காரி தலையில் ரத்தத்தோடு சுருண்டு கிடந்தாள்.

அந்தத் தையல் ஆலையில் நாற்பது மெஷின்கள், நாற்பது பெண்கள். அம்மா வைத்த பெயரை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். அப்புறம் எல்லோரும் நம்பர்தான்.

12.10-க்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உயிர் இருந்தது, நினைவு இல்லை.

"கேஸே இல்ல மேடம்," என்றார் மேனேஜர். "ஏணியில ஏறியிருக்கா, தவறி விழுந்துட்டா. உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. வேற யாரும் எப்படி வர முடியும்? சாயந்திரம் ஆறு மணிக்கு ஷிப்மென்ட் வேற இருக்கு."

ஏணி நடு அறையில் சாய்ந்து கிடந்தது. இரும்பு ரேக்கின் முனையில் ரத்தம். அங்கிருந்து கதவு வரை சொட்டுச் சொட்டாக ஒரு கோடு. ஜன்னல் கிடையாது. விழுந்தவள் கதவைத் திறக்க ஊர்ந்து போயிருப்பாள், முடியாமல் மயங்கியிருப்பாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்தினாலே இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வரும்.

தரையில் கிடந்த தாழ்ப்பாளை எடுத்துப் பார்த்தார். கம்பியில் ரத்தம் தோய்ந்த விரல் தடம். நிலைச்சட்டத்தில் கம்பி போய் நுழையும் துளைக்குள் சுண்டுவிரலை விட்டார். விரல் நுனியில் காய்ந்த ரத்தம் ஒட்டி வந்தது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

12.40. மேனேஜர் அறையில் விசாரணை. ஏட்டையா பேனாவோடு உட்கார்ந்தார்.

முதலில் ஸ்டோர்க்காரர். சட்டையெல்லாம் ரத்தம்.

"தூக்கினப்போ பட்டது மேடம்."

"கதவை இடிக்கிறதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"கேட்டுல லாரிக்கு லோடு ஏத்திட்டிருந்தேன். அவ புருஷனும் அங்கதான் நின்னுட்டிருந்தான். மூஞ்சியே சரியில்ல."

அடுத்து புருஷன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கேட்டிலேயே நின்றவன்.

"சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டு வந்துட்டா. குடுக்க வந்தேன்."

"சண்டையா?"

"வீடுன்னா இருக்கும்ல மேடம். ஆனா கை வெச்சதில்ல." சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்தான். "இதைப் பெரிசுபடுத்தாதீங்க. விழுந்துட்டான்னே இருக்கட்டும். வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

பெண்டாட்டி பிழைப்பாளா என்று கேட்காமல் பெரிசுபடுத்தாதீர்கள் என்கிறானே! இவன் பயந்தவனா, செய்தவனா?

பதினெட்டாம் மெஷின்காரி தலை நிமிரவேயில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். பத்து அம்பதுக்கு எழுந்து போனா. அப்புறம் வரல."

"எதுக்குப் போனா?"

"நூல் எடுக்க."

கடைசியாக லைன் சூப்பர்வைசர். பதினைந்து வருட சர்வீஸ், மெதுவான பேச்சு. "தங்கமான மனுஷன்," என்று மேனேஜர் முன்கூட்டியே நற்சான்று வழங்கியிருந்தார். "பொண்ணுங்க எல்லாம் சித்தப்பான்னுதான் கூப்பிடுவாங்க."

சித்தப்பாவின் வலது சட்டைக் கை முழங்கை வரை மடித்திருந்தது. இடது கை மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தது.

"ஏணியில ஏறாதேன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன் மேடம். எங்க கேக்குதுங்க? பதினோரு மணிக்கு மேல ஊசி ஒடைஞ்சுதுன்னு கொண்டுவந்து குடுத்தா. புது ஊசி குடுக்கறதுக்குள்ள நூல் எடுத்துட்டு வரேன்னு போனா. போனவ போனவதான்."

"ஊசி ஒடைஞ்சா உங்ககிட்டதான் குடுக்கணுமா?"

இதற்கு மேனேஜர் முந்திக்கொண்டார். ஆலையின் பெருமை அது. குழந்தைச் சட்டையில் ஊசித் துண்டு இருந்தால் வாங்குபவன் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவான். அதனால் ஊசி உடைந்தால் ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மெஷின் நம்பரும் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்தி எல்லோரும் தரையில் தவழ்ந்து தேட வேண்டும். சாயந்திரம் ஊசிக் கணக்கு சரியாக இருந்தால்தான் லாரி நகரும்.

இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரை வாங்கினார். 11.05, மெஷின் 17, சித்தப்பாவின் கையெழுத்து. கீழே டேப்புக்கு அடியில் இரண்டு துண்டுகள். "முழுசும் கிடைத்தது" என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது.

"ஒரு புது ஊசி குடுங்க."

புது ஊசியை அந்தத் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு எள்ளளவு குறைந்தது. நுனியைக் காணோம்.

1.30. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் லைனுக்குக் கூட்டிவந்தார். பதினேழாம் மெஷினில் பாதி தைத்த துணி மடித்து வைத்திருந்தது. ஊசி இருக்க வேண்டிய இடம் காலி.

"மேனேஜர் சார், சரக்குல ஊசித் துண்டு இருக்கான்னு பார்க்க ஒரு கருவி இருக்குமே. கையில பிடிக்கிறது?"

வந்தது. கரண்டி மாதிரி ஒரு டிடெக்டர்.

"சித்தப்பா, இடது கையை நீட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"நீட்டுங்க. வாட்ச் வலது கையிலதான இருக்கு?"

கருவி முழங்கைக்குக் கீழே வந்ததும் கத்தியது. ஏட்டையா பட்டனைக் கழற்றிச் சட்டையை மேலே ஏற்றினார். சிவந்து வீங்கிய ஒரு புள்ளி. சுற்றிலும் நகக் கீறல்கள்.

"அது... தைக்கும்போது..."

"நீங்க எங்க தைக்கிறீங்க?" இன்ஸ்பெக்டரின் குரல் ஏறியது. "பத்து அம்பதுக்கே எழுந்து போனவ பதினோரு மணிக்கு மேல எப்படி உங்ககிட்ட ஊசி குடுப்பா? ஊசி மெஷின்ல ஒடையல. அவளே ஸ்க்ரூவைக் கழட்டி ஊசியைக் கையில எடுத்துட்டுப் போனா. உங்க கையில குத்தினா, ஒடைஞ்சுது. நீங்க அவ தலையைப் பிடிச்சு ரேக்குல மோதினீங்க. செத்துட்டான்னு நெனச்சு ஏணியைச் சாய்ச்சுப் போட்டுட்டு வெளிய வந்தீங்க."

"தாழ்ப்பாள் உள்ளயில்ல மேடம் போட்டிருந்துச்சு?" மேனேஜர் விடவில்லை.

"அவதான் போட்டா. துளைக்குள்ள ரத்தம் இருக்கு. அப்படின்னா கம்பி உள்ள போகும்போதே அதுல ரத்தம் இருந்துச்சு. மொதல்ல அடிபட்டுது, அப்புறம்தான் தாழ்ப்பாள். முழிப்பு வந்ததும் இந்த ஆள் திரும்பி வந்துடுவானோன்னு பயந்து, ஊர்ந்து போய்ப் போட்டிருக்கா. திறக்கப் போகல சார், மூடப் போயிருக்கா."

எங்கோ ஒரு பெண் விம்மினாள்.

"நீங்க அந்தத் துண்டுகளை எங்கயாவது வீசியிருந்தா எனக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது. ஆனா பதினஞ்சு வருஷப் பழக்கம் விடல. ஊசி குறைஞ்சா சாயந்திரம் லைன் நிக்கும், தேடுவாங்க. அதனால பொறுக்கிட்டு வந்து ஒழுங்கா ஒட்டி நேரமும் போட்டிருக்கீங்க. நாற்பது ஊசிக்குப் பதில் சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு, அங்க கிடக்கிற மனுஷிக்கு மூச்சு இருக்கான்னு பார்க்கத் தோணலையே!"

சித்தப்பா பதினேழாம் மெஷினின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஏட்டையா கையைப் பிடித்து எழுப்பினார்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் அடங்கவில்லை. அதைவிடக் குழப்பம் அடங்கவில்லை. நூல் எடுக்கப் போகிறவள் எதற்காக ஊசியைக் கழற்றிக்கொண்டு போனாள்? அங்கே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் போனாள்? பதினெட்டாம் மெஷின்காரியைக் கேட்டார். அவள் அழுதாளே தவிரப் பேசவில்லை.

மாலை 4.30. ஆஸ்பத்திரி. பதினேழாம் மெஷின்காரி கண் விழித்திருந்தாள். தலை முழுக்கக் கட்டு. புருஷன் கட்டிலோரம் நின்று, "விழுந்துட்டேன்னு சொல்லிடு, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றாள்.

அவன் போனான். ஏட்டையா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போகாம இருந்திருக்கலாமேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த ஆளைப் பத்தித் தெரிஞ்சுதானே இருந்துச்சு?"

"எல்லாருக்கும் தெரியும் மேடம். மூணு வருஷமா எனக்கும் தெரியும். அப்ப வாயை மூடிட்டு இருந்தேன்." மூச்சு வாங்கினாள். "இன்னிக்கு அந்த ஆள் என்னைக் கூப்பிடல. திங்கக்கிழமை புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு, கடைசி மெஷின். நூல் எடுத்துட்டு வான்னு அதைத்தான் அனுப்பினார். அதுவும் சரி சித்தப்பான்னு சிரிச்சுக்கிட்டே எழுந்துச்சு. நீ உட்காரு, நான் போறேன்னுட்டுப் போனேன்."

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொள்ளும்படி ஏட்டையாவுக்குச் சைகை காட்டினார்.

"அதுக்குப் பதினெட்டு வயசுகூட இருக்காது மேடம்," என்றாள் அவள். "அது வீட்டுக்குப் போயிடுச்சான்னு யாராவது பார்த்தீங்களா?"