தொடர்பில் இல்லை

பூட்டைத் திறந்து உள்ளே வந்த செவிலி, வருகைப் பதிவேட்டில் அன்றைய தேதியைப் போடக் குனிந்தபோது முதல் வரி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. காலை ஏழு நாற்பது. பக்கத்தில் தையல்காரரின் கையெழுத்து. கடைசி எழுத்தை இழுத்து, நூலுக்கு முடிச்சுப் போடுவதுபோல ஒரு சுழி சுழித்து விடுவாரே, அதே சுழி. விரலை வைத்துப் பார்த்தாள். மை ஒட்டியது.

தையல்காரர் செத்து ஆறு வாரம் ஆகிறது. அவர் மனைவியே தொலைபேசியில் சொன்னாள். இரவு நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்று சொல்லிவிட்டு, மிச்சமிருக்கும் மாத்திரைப் புட்டியைத் திருப்பித் தர வேண்டுமா என்றும் கேட்டாள். அந்த நேர்மையை நினைத்து நினைத்துச் செவிலிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை, ‘இறந்தார்’ என்று எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதியவளும் அவள்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இரண்டே அறைகள் கொண்ட இதயநோய் ஆராய்ச்சிப் பிரிவு அது. மாரடைப்புக்குக் கொழுப்பையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது போக, ரத்தக்குழாயின் உட்சுவர் புண்ணாகி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருப்பதும் காரணம் என்று இப்போது ஆராய்கிறார்கள். அந்தக் கனலைத் தணிக்க ஒரு புது மாத்திரை. ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. எது யாருக்கு என்று கொடுக்கிறவளுக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. நல்ல ஏற்பாடுதான். ஏற்பாட்டில் என்றைக்கும் பாவம் இல்லை. அது கைகளில்தான் இருக்கிறது.

நான்கு மாதத்தில் ஏழு பேர் தூக்கத்திலேயே போனார்கள். ஏழு கோப்புகளையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

“நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா? போன்ல யாரோ அழுதாங்க, அவ்வளவுதானே. இவங்க செக்கப்புக்கு வரல. தொடர்பில் இல்லைன்னு எழுதுங்க.”

ஏழு சாவு என்று போனால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள், அவள் வேலையும் போகும் என்பதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். தப்பாக எழுதியதைக்கூட அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியும் கையொப்பமும் இட வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்று தாள்களோடு அந்தச் சட்டத்தையும் சேர்த்துக் கிழித்தாள்.

அவளுடைய அண்ணனும் அதே ஆராய்ச்சியில் இருந்தார். இலவசப் பரிசோதனை, மாதாமாதம் பெரிய டாக்டரே பார்ப்பார் என்று அவள்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து சேர்த்தாள். நீ கொடுத்தால் சுண்ணாம்புக் கட்டியாக இருந்தாலும் முழுங்குவேன் என்று கேலி செய்துகொண்டே கையெழுத்துப் போட்டார் அவர். சுண்ணாம்புக் கட்டியாகவே இருக்கட்டும் கடவுளே என்றுதான் நாலு நாளாக வேண்டிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். தான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டிவரும். புதன்கிழமை பதினொரு மணிக்குப் பரிசோதனைக்கு வருவார், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

இன்று புதன்கிழமை. மணி எட்டரை.

ஜன்னல் வழியாக வெயில் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. மருந்துகள் வைக்கும் குளிர்பெட்டி எப்போதும்போல முனகி ஓய்ந்து மறுபடி முனகியது. பழகிப்போன ஸ்பிரிட் வாடைக்கு அடியில், வெகுநேரம் கதவு திறக்காத படுக்கையறையின் வாடை, தலையணை எண்ணெயும் நின்றுபோன மூச்சும் கலந்த வாடை, மெல்ல மெல்ல அறை முழுக்கப் பரவியது. அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. பாரம் ஏறும்போது வருமே, அந்தச் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

எண்ணினாள். ஏழு.

திரும்பினாள்.

தையல்காரர் முதல் நாற்காலியில். பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அதற்கடுத்து, எப்போதும் ஜோக் அடித்து அவளைச் சிரிக்க வைக்கும் கணக்கு டீச்சர். எல்லோரும் வீட்டில் படுக்கும் உடையில் இருந்தார்கள். ஒரு பக்கத்துத் தலைமுடி அமுங்கியிருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பின் தழும்பு. எல்லோரும் இடது சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்க்கத் தயாராக, மரியாதையாகக் காத்திருந்தார்கள். கோபமாக முறைத்திருந்தால்கூடத் தேவலை.

வரவில்லை என்றுதானே எழுதினாள். வந்துவிட்டார்கள்.

கதவு திறந்தது. பெரிய டாக்டர். நாற்காலிகளைக் கடக்கும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு, ஏசியைக் குறைக்கச் சொன்னார். ஏசி போடவே இல்லை. அறிக்கை பன்னிரண்டு மணிக்குள் போக வேண்டும், யாரும் வரவில்லையா என்று கேட்டார்.

“ஏழு பேரு வந்திருக்காங்க சார்.”

அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். “நாற்காலிதான் வந்திருக்கு. ராத்திரி தூங்கினீங்களா?”

“அவங்கதான் சார் தூங்கினாங்க. மாத்திரையை நிறுத்துங்க.”

“உங்க அண்ணனைச் சேத்தது நீங்கதானே? நிறுத்துறதுன்னா அன்னிக்கே வீட்ல சொல்லி நிறுத்தியிருக்கலாமே.” சிரித்தபடியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோபம் குபுகுபுவென்று ஏறியது. வாழ்நாளில் யாரையும் அதட்டிப் பேசாதவள். ஒரு டம்ளர் தண்ணீரும், சாப்பிட்டீங்களா என்ற ஒரு கேள்வியும் பாதி நோயைத் தீர்க்கும் என்று நம்புகிறவள். அவர்மேல் வந்த கோபம் பாதி. அவர் சொன்னது உண்மை என்பதில் வந்த கோபம் மீதி. ஏழு கோப்புகளையும் எடுத்து, தையல்காரருடையதை முதலில் திறந்தாள். ‘தொடர்பில் இல்லை’ என்பதன்மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் ‘இறந்தார்’. தேதி. கையொப்பம். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்.

தையல்காரர் எழுந்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பரிசோதனை முடிந்து கிளம்பும் எல்லோருக்கும் சொல்வதை அவள் வாய் தானாகவே சொன்னது.

“போயிட்டு வாங்கய்யா.”

அவர் நின்றார். யோசித்தார். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மறுபடி சுருட்டினார்.

அவளுக்குப் புரிந்தது. இனிச் சொல்ல வேண்டியது, உயிரோடு இருக்கிற எந்த மனிதரிடமும் அவள் சொல்லியிராத சொல். பெற்றவர்கள் அப்படி வளர்க்கவில்லை. அவர் முன்னால் போய்க் கைகூப்பி நின்று சொன்னாள்.

“போங்கய்யா. இனிமே வராதீங்க.”

நாற்காலி காலியாக இருந்தது.

டிரைவர். கோடு, சொல், ஒப்பம். போங்க. டீச்சர். போங்க டீச்சர். வராதீங்க. அழுதுகொண்டே எழுதினாள். ஐந்து. ஆறு. ஏழு. அந்த வாடை விலகியது. கடைசிக் கோப்பை மூடினாள். மூச்சு விட்டாள். நிமிர்ந்தாள்.

வாசலோர நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

நிம்மதியில் மறுபடி அழுகை வந்துவிட்டது அவளுக்கு. சீக்கிரமே வந்துவிட்டார். நல்லவேளை. ஓடிப்போய் அவர் முன்னால் முழங்காலிட்டாள்.

“அண்ணா, அந்த மாத்திரையை இனிமே தொடாதீங்க. நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். எல்லாத்தையும் சொல்றேன்.”

“சரி பாப்பா,” என்றார்.

ஏன் என்று கேட்கவில்லை.

மேசையில் தொலைபேசி அடித்தது. அண்ணி. அண்ணன் இன்னும் எழுந்திருக்கவில்லையாம், நேற்று வெகுநேரம் விழித்திருந்தாராம், பரிசோதனையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். குரலில் பதற்றமே இல்லை. “இரு, தட்டி எழுப்பிப் பாக்கறேன்.” செருப்புச் சத்தம். கதவு திறக்கும் சத்தம். “என்னங்க.”

செவிலி திரும்பிப் பார்த்தாள்.

அண்ணன் இடது கையை நீட்டினார்.

தொலைபேசியை மேசையில் வைத்தாள். அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். காற்றை அடித்தாள். திருகைத் தளர்த்தினாள். முள் இறங்கியது. நூற்றறுபது. நூற்றிருபது. முதல் துடிப்பு கேட்கவில்லை. எண்பது. கேட்கவில்லை. நாற்பது. மேசையில் அண்ணியின் குரல், என்னங்க, என்னங்க, பிறகு வார்த்தையாக இல்லாத ஒன்று. பூஜ்யம்.

அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு இருக்கு பாப்பா?”

அவள் திருகை இறுக்கினாள். மறுபடியும் காற்றை அடித்தாள்.