தாழில் இல்லாத கொக்கி

மாலை நான்கு மணி. பாட்டு பாதியில் அறுந்தது.

"அந்த டிரம்மைக் கொஞ்சம் குறைப்பா, என் நெஞ்செலும்புல வந்து அடிக்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்ன பாட்டரசி, ஒலிச்சோதனையின் இரண்டாவது பாடலைத் தொடங்கினார். மூன்றாவது அடிக்கு வருமுன் அவர் காலடிப் பலகை வாய் பிளந்தது. நாற்பதாண்டு காலம் உலகைப் பாட வைத்த அந்த அறுபத்திரண்டு வயது உடல், இரண்டு ஆள் ஆழத்தில் போய் விழுந்தது. கையிலிருந்த மைக்கும் உடன் விழுந்தது. எலும்பு முறிந்த ஓசையை அரங்கத்தின் காலி நாற்காலிகள் அத்தனையும் கேட்டன.

நாலரை மணிக்குக் காவல் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி; பேச்சில் சிக்கனம், பார்வையில் தாராளம். அவர் வருவதற்குள் பாட்டரசியை மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தார்கள். இடுப்பும் காலும் முறிந்திருந்தன; உயிர் இருந்தது; நினைவு இல்லை. வெளியே எட்டு மணிக் கச்சேரிக்காகக் காத்திருந்த கூட்டத்துக்குள் செய்தி தீயாகப் புகுந்துவிட்டது. மேடை மேஸ்திரியின் கவனக்குறைவு என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. பழி எப்போதும் சரிவைத் தேடி ஓடும் தண்ணீர். அது மேல் நோக்கிப் பாய்ந்ததாக வரலாறு இல்லை.

மேலதிகாரி தொலைபேசியில் வந்தார். "ஏழு மணிக்குள்ள ஒருத்தனைக் கைது பண்ணியாகணும். கூட்டம் கேட்டை உடைச்சுடும்."

ஒருத்தனை என்றார். செய்தவனை என்று சொல்லவில்லை.

ஆய்வாளர் மேடைக்கு அடியில் இறங்கினார். இரும்புக் கால்கள் காடாக நின்றன. நடுவில் ஒரு மின்தூக்கி. பாட்டரசி ஒவ்வொரு இரவும் அதில் ஏறி நின்றுதான் பூமியைப் பிளந்து வருவதுபோல் மேடையில் தோன்றுவார். மற்ற நேரத்தில் தூக்கி கீழே இருக்கும். மேலே உள்ள திறப்பை ஒரு பலகை மூடியிருக்கும். பலகையின் ஒரு பக்கம் கீல். மறுபக்கம் அடியிலிருந்து தாங்கும் ஓர் இரும்புத் தாழ். அதிர்வில் தாழ் நழுவாதபடி அதன் துளையில் விரல் நீளக் கொக்கி ஒன்று மாட்டப்பட வேண்டும்.

தாழ் நழுவித் தொங்கியது. கொக்கி இல்லை.

ஆய்வாளர் துளைக்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். உடைந்த துண்டு இல்லை, கீறல் இல்லை. கொக்கி அறுந்து விழவில்லை. ஒரு கை அதைக் கழற்றியிருக்கிறது. அதன்பின் டிரம் அடித்த அடியில் தாழ் தானாக நகர்ந்திருக்கிறது.

"ஏட்டய்யா, கொக்கி விஷயம் வெளிய போகக்கூடாது."

"என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லமாட்டேன் மேடம்."

"அவங்ககிட்டதான் முக்கியமா சொல்லக்கூடாது."

ஒப்பனை அறை ஒன்றில் மேஸ்திரியை உட்கார வைத்திருந்தார்கள். மலைபோன்ற உடம்பு, சுற்றிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் பயந்த முகத்தையே பார்க்க வேண்டிய நிலை.

"பலகையைச் சோதிச்சது யாரு?"

"நான்தான் மேடம்."

"எப்போ?"

"மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னாடி. ஏறிக் குதிச்சே பார்த்தேன். நூத்திப்பத்து கிலோ மேடம் நான். என்னைத் தாங்கினது அக்காவைத் தாங்காதா?"

"கொக்கி?"

"இருந்துச்சு. தொட்டுப் பார்த்தேன். முந்தாநாள் காலையில மேடையை நிறுத்தினப்ப என் கையால மாட்டினது. அதுலேர்ந்து நமக்குப் படுக்கை, சாப்பாடு எல்லாம் இதுக்கடியிலதான். போன்ல என் பொண்டாட்டி கேக்குறா, 'என்னைக் கட்டினியா, மேடையைக் கட்டினியா'ன்னு."

அவர் சிரிக்க முயன்றார், உதடு ஒத்துழைக்கவில்லை.

"சாப்பிடப் போனப்ப கீழே யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. எல்லாரும் தட்டோட வரிசையில நின்னோம். மேடம், அக்காவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் உள்ளதான் போகணும். வெளிய வந்தாலும் ஒரு ஆணி அடிக்கக்கூட எவனும் கூப்பிடமாட்டான். ஆனா சத்தியமா மாட்டியிருந்தேன்."

அடுத்து பாட்டரசியின் மகள். அம்மாவுக்குப் பின்வரிசையில் நின்று சேர்ந்து பாடுகிறவர். அழுது வீங்கிய கண்கள்.

"எப்போ ஊருக்கு வந்தீங்க?"

"இன்னிக்குக் காலையில. நேத்து ராத்திரி இன்னொரு ஊர்ல கச்சேரி முடிஞ்சதும் நேரா விமானம். அம்மா தூங்கவே இல்ல."

"ஏன்?"

"சந்தோஷம்னு நினைக்கிறேன். 'இன்னிக்கு மேடையில ஒண்ணு சொல்லப்போறேன்டி'ன்னாங்க. என்னன்னு கேட்டேன். 'காசு குடுத்து வர்றவங்களே ராத்திரி வரைக்கும் காத்திருக்காங்க, உனக்கென்ன அவசரம்'னு கிண்டல் பண்ணினாங்க."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"மாமாகிட்ட சொல்லியிருப்பாங்க. தம்பியைக் கேக்காம அம்மா தலைமுடிகூட வெட்டமாட்டாங்க."

மாமா என்பது கவிஞர். பாட்டரசியின் தம்பி, அவர் பாடிய பாடல்கள் அத்தனைக்கும் வரிகள் எழுதியவர் என்று உலகம் அறிந்தவர். கழுத்தில் பட்டுக்குட்டை, குரலில் துயரம், அளந்து ஊற்றிய துயரம். ஆய்வாளர் உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்தார்.

"எங்கே இருந்தீங்க?"

"ஓட்டல்ல. நல்ல தூக்கம். அக்கா விழுந்துட்டாங்கன்னு கச்சேரி மேலாளர் போன் பண்ணினப்புறம்தான் இந்தக் கட்டடத்துக்குள்ளயே காலை வெச்சேன்."

"மேடைக்கு அடியில?"

"இன்னிக்குப் போகவே இல்ல. போய் என்ன பார்க்கறது? நேத்தே பார்த்தாச்சே."

"என்ன பார்த்தீங்க?"

அவர் முன்னால் சாய்ந்தார். "நேத்து ராத்திரி அக்காவைத் தூக்கி வரைக்கும் கொண்டு போய் விட்டேன். அப்பவே அந்தத் தாழ்ல கொக்கி இல்ல. அந்தக் குண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரா சொன்னேன். 'பார்த்துக்கறேன் சார்'னான். பார்த்துக்கிட்ட லட்சணம்தான் இது. இவனுங்களுக்கு உயிரோட மதிப்பு எங்கம்மா தெரியும்?"

"நீங்க எழுதிக் குடுக்கணும்."

"எத்தனை பக்கம் வேணும்?"

அரைப் பக்கம் போதுமானதாக இருந்தது. அழகான கையெழுத்து. ஏட்டு அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "சாட்சியே வந்தாச்சு மேடம். மேஸ்திரி கதை முடிஞ்சுது."

ஆறு மணி. மேலதிகாரி மீண்டும் அழைத்தார். ஏட்டு கைவிலங்குடன் ஒப்பனை அறைக்குள் போனார். மேஸ்திரி மறுக்கவில்லை, மணிக்கட்டு பருமனாக இருந்ததால் விலங்கு முதல் முறை பூட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் அமுக்குங்கண்ணே" என்று அவரே உதவினார். உழைத்துப் பழகிய கை. தன்னைக் கட்டும் வேலைக்கும் அது ஒத்தாசைக்கு வந்தது.

கேட்டுக்கு வெளியே கூட்டம் அவரைக் கேட்டது. நீதிமன்றத்துக்கு அனுப்பு என்று கேட்கவில்லை. எங்களிடம் அனுப்பு என்று கேட்டது.

ஆய்வாளர் மேடையின் முன்னால் தனியே நின்றார். கறுப்புத் தளம், வெள்ளிப் படிகள். எவ்வளவு பெரிய பொருள்! இதை நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? பிரிக்க? லாரியில் ஏற்ற? சட்டென்று மேலாளரை அழைத்தார். இரண்டே கேள்வி கேட்டார். பிறகு அவரிடமிருந்து ஓர் எண்ணை வாங்கி, ஓடிக்கொண்டிருந்த ஒரு லாரியில் இருந்த மனிதருடன் பேசினார்.

"ஏட்டய்யா, எல்லாரையும் கீழே கூட்டிட்டு வாங்க. மேஸ்திரியையும்."

ஆறே முக்கால். இரும்புக் கால்களுக்கு நடுவே ஐந்து பேர் நின்றார்கள்: விலங்குடன் மேஸ்திரி, கைபேசியை இறுகப் பிடித்தபடி மகள், நகம் கடிக்கும் மேலாளர், பட்டுக்குட்டையைச் சரிசெய்யும் கவிஞர், ஏட்டு. தலைக்கு மேலே பலகை தொங்கும் திறப்பு. தூரத்தில் கேட் அதிரும் சத்தம்.

"கவிஞரே, நேத்து நீங்க கொக்கி இல்லைன்னு சொன்னது இவர்கிட்டயா?"

"இவன்கிட்டயேதான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"இந்த உடம்பை மறக்க முடியுமா?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். ஆய்வாளர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இந்தத் தாழைத்தான் பார்த்தீங்க?"

"எத்தனை தடவைம்மா சொல்றது? இதே தூக்கி, இதே தாழ்."

"முடியாது" என்றார் ஆய்வாளர். "நேத்து ராத்திரி உங்க அக்கா வேற ஊர்ல பாடிக்கிட்டிருந்தாங்க. இந்த மேடை முந்தாநாள் காலையிலேர்ந்து இங்கேதான் நிக்குது. இவரும் இங்கேதான் இருந்தார். மேலாளர் சார், நீங்களே சொல்லுங்க."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு மேடை இருக்குங்க. அச்சா ஒரே மாதிரி. ஒண்ணு நிக்கும்போது ஒண்ணு ஓடும். இதுக்கு ஒரு மேஸ்திரி, அதுக்கு ஒரு மேஸ்திரி. இல்லைன்னா தினம் ஒரு ஊர் எப்படிங்க?"

கவிஞரின் விரல்கள் பட்டுக்குட்டையில் நின்றன.

"அந்த மேஸ்திரியோட இப்பத்தான் பேசினேன்" என்று தொடர்ந்தார் ஆய்வாளர். "ஒல்லியான ஆளாம். 'குண்டு மேஸ்திரியா? அது அண்ணன், எங்களோட இல்லீங்க'ன்னு சிரிக்கிறார். நேத்து கொக்கி இருந்துச்சாம். நீங்க கீழே வந்ததை எந்த ஊர்லயும் பார்த்ததில்லையாம்."

"மறந்திருப்பேன். வேற எப்பவோ..."

"மறந்துட்டீங்க, சரி. அப்போ கொக்கி இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான், ஏட்டு, இவர், மூணு பேருக்குத்தான் தெரியும். பலகை விழுந்ததுன்னுதான் ஊரே பேசுது. கொக்கியைப் பத்திப் பேசின ஒரே ஆள் நீங்க. நேத்து பார்த்திருக்க முடியாது. அப்போ இன்னிக்குத்தான் பார்த்திருக்கணும். இன்னிக்கு வரவே இல்லைன்னு உங்க கைப்பட எழுதியிருக்கீங்க. இவங்க தட்டோட வரிசையில நின்னப்ப நீங்க கீழே வந்தீங்க. கழுத்துல அனுமதி அட்டை, யாரு கேப்பா? திரும்பிப் போறப்ப இவரைத் தூரத்துல பார்த்திருக்கீங்க. பழி போட ஒரு உடம்பு கிடைச்சுது."

ஊர் ஊராகப் பறந்தவர் கவிஞர். இறங்கிய இடமெல்லாம் அதே மேடை தயாராக நின்றது. அது எப்படி வந்தது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. மழை பெய்தால் காளான் முளைக்கிறது. அக்கா பாடினால் மேடை முளைக்கிறது. அதன் அடியில் வியர்க்கும் முதுகுகள் இரண்டு கூட்டம் என்பதை அறிய, ஒரு முறையேனும் ஒரு முகத்தை அவர் பார்த்திருக்க வேண்டும். பொய் நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது. கட்டியவருக்குத்தான் மேடை கட்டத் தெரியவில்லை.

"ஏன் மாமா?" என்றாள் மகள். குரல் மிகத் தாழ்வாக வந்தது.

கவிஞர் அவளைப் பார்க்கவில்லை. "சாகணும்னு நினைக்கலம்மா. கால் பிசகினா போதும்னு... இன்னிக்கு ஒரு ராத்திரி மேடை ஏறாம இருந்தா, பேசி மனசை மாத்திடலாம்னு..."

"அம்மா என்ன சொல்லப்போனாங்க?"

"பாட்டெல்லாம் அவ எழுதினதுன்னு."



"பொய்யா?" என்றார் ஆய்வாளர்.

"உண்மை. ஒரு வரி விடாம உண்மை." கவிஞர் இரும்புக் காலில் சாய்ந்தார். "பொண்ணு எழுதினதுன்னா எவன் வாங்குவான்னு அப்பாதான் என் பேரைப் போடச் சொன்னார். எனக்குப் பதினெட்டு வயசு. ஒரு பாட்டுக்குன்னு ஆரம்பிச்சது. நாப்பது வருஷமா எல்லாரும் என்னைக் கவிஞரேன்னு கூப்பிடறாங்க. நாளைக்கு என்னை என்னன்னு கூப்பிடுவாங்க, சொல்லுங்க?"

"அதுக்காக என்னை உள்ள தள்ளுவீங்களா சார்?" என்றார் மேஸ்திரி. கோபம்கூட இல்லை, அறியாமல் கேட்ட கேள்வி.



ஏட்டு விலங்கைக் கழற்றினார். அதையே கவிஞர் கையில் பூட்டினார். மெலிந்த கை. முதல் முறையே பூட்டியது.

கேட் பக்கம் கண்ணாடி உடைந்தது. "மேடம், மேஸ்திரியை இப்ப வெளிய விட்டா பிச்சுடுவாங்க" என்றார் ஏட்டு. "ஆள் மாறிடுச்சுன்னு போலீஸ் சொன்னா நம்பமாட்டாங்க."

அப்போது மகளின் கைபேசி அடித்தது. மருத்துவமனை. பேசியது மருத்துவர் அல்லர், நினைவு திரும்பிய பாட்டரசியே. மகள் அழுதுகொண்டே அனைத்தையும் சொன்னாள்.  மறுமுனை, "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்டது, அதையடுத்து, "போனை மைக் பக்கத்துல வைடி" என்றது.

அங்கே விழுந்து கிடந்த மைக்கோடு மகள் போனைச் சேர்த்துப் பிடித்தாள்; மேலாளர் சொல்ல, வெளி ஸ்பீக்கர்கள் உயிர் பெற்றன. படுக்கையிலிருந்து வந்த குரல். மருந்தில் தோய்ந்த குரல். ஆனால் நாற்பதாண்டு பழகிய செவிகள் முதல் சொல்லிலேயே அதை அடையாளம் கண்டன. கேட்டைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன.

"நான்தான் பேசறேன். உயிரோட இருக்கேன். மேடை கட்டினவங்க மேல தப்பில்ல. மேஸ்திரியை யாரும் தொடாதீங்க. தொட்டா நான் இனிமே பாடமாட்டேன்." மூச்சு வாங்கியது. "இன்னொண்ணு. நீங்க இத்தனை வருஷம் பாடின பாட்டெல்லாம் நான் எழுதினது. என் தம்பி இல்ல. நான்."

ஆயிரமாயிரம் பேர் நின்ற தெருவில் ஒரு செருப்பு உரசும் சத்தம் இல்லை. பிறகு கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "இத்தனை நாள் ஏம்மா சொல்லல?"

மகள் அந்தக் கேள்வியைத் தொலைபேசியில் திருப்பிச் சொன்னாள்.

"பயம்" என்றது ஸ்பீக்கர். "எழுதத்தான் தெரிஞ்சுது. சொல்லத் தெரியல."

மேஸ்திரி முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார். கூட்டம் வழிவிட்டது. அந்தப் பெரிய உடம்பை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை முகங்களும் ஸ்பீக்கரை அண்ணாந்து நோக்கியிருந்தன. பத்தடி நடந்தவர், வீட்டுக்குப் போன் செய்ய எடுத்த கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தாமும் அவர்களோடு நின்று கேட்கத் தொடங்கினார்.