பொன்னம்மாளின் இரண்டாவது சிட்டிங்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டப் பெருமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், முதுமை ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒழித்தவர் ஜெயசித்ரா. ஒழித்த இடம், பெரம்பலூரில் ஒரு பெயின்ட் கடை மாடி. லேசர், மேல்தோலை உரிக்கும் பீலிங், ஊசி உருளை, அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த மஞ்சள் நிறப் பிளாஸ்மா என்று நான்கையும் ஒரே முகத்தில் இறக்கும் அந்தச் சிகிச்சைக்கு, பிரியாணிக் கடையில் சொல்வதுபோல, 'காம்போ' என்று பெயர். சுவரில் தொங்கிய டிப்ளமோவைவிட அதன் சட்டம் அகலமாக இருந்தது.

இவ்வளவு விஞ்ஞானத்துக்கும் நடுவே, அன்று சாயங்காலம் சிகிச்சை அறையில் முந்திரிக்கொட்டை கருகும் வாடை அடித்தது.

ஜெயசித்ரா ஏ.சி.யை முகர்ந்து பார்த்தாள், ஜன்னலைச் சாத்தினாள். கொட்டை வறுபடும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் தெறித்துத் தோலைப் பொசுக்குமே, அந்த வாடை. அதோடு ஒரு கன்னமும் நினைவுக்கு வந்தது. கிளினிக்கைப் பெருக்கித் துடைத்த பாப்பாயியின் இடது கன்னம். சின்ன வயதில் கொட்டை வறுக்கப் போய் வாங்கிய, வெளுத்த, இலை போன்ற தழும்பு. "எனக்கும் காம்போ போட்டா இது போயிருமாக்கா?" என்று அவள் கேட்டபோது ஜெயசித்ரா சிரித்துவிட்டிருந்தாள்.

படுக்கையில், மரத்துப்போகச் செய்யும் கிரீமை முகமெங்கும் அப்பிக்கொண்டு கண்மூடிக் கிடந்தவள் பொன்னம்மாள். ஆண்டிமடம் முந்திரி மண்டி வீரமுத்துவின் சம்சாரம்.

முதல் சிட்டிங் ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வாரம் மகள் கல்யாணம். கையை நீட்டச் சொன்னதும் அம்மாள் பதறிப்போனாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ரத்தத்த வெளிய எடுக்கறதா? அப்புறம் வூட்டுல லட்சுமி தங்குவாளா? மூஞ்சில எத்தன ஊசி வேணாலும் குத்தும்மா. அந்த மஞ்சத் தண்ணி ஒங்ககிட்டயே ஸ்டாக்கு இருக்கும்ல?"

முகத்தில் ஆயிரம் துளை போடலாம், கையில் ஒன்று கூடாது. லட்சுமியின் சட்டம் அப்படி. மண்டிக்காரர் சம்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் ஆண்டிமடமே திரும்பிப் போய்விடும்.

"இருக்குங்க," என்றாள் ஜெயசித்ரா. பின்பக்கம் போனாள். அங்கே பாப்பாயி பக்கெட்டோடு நின்றிருந்தாள்.

"கிறுகிறுன்னு வருதுன்னியேடி. கைய நீட்டு, ஒரு டெஸ்ட்டு எடுத்துப் பாத்துருவோம்."

பாப்பாயி கும்பிட்டுவிட்டுக் கையை நீட்டினாள். ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய், சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்துக்குள் சுற்றிச் சுழன்றது. சிவப்பு அடியில் தங்க, மேலே தெளிந்த மஞ்சள் திரவம் பொன்னம்மாளின் கன்னத்துக்குள் இறங்கியது.

மறுநாளிலிருந்து பாப்பாயி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்பாள். "ரிசல்ட்டு வந்துச்சாக்கா?" சில நாள் மழுப்பிய ஜெயசித்ரா, தொல்லை தாங்காமல் ஒருநாள், போனிலிருந்து தலைதூக்காமலே சொன்னாள். "எல்லாம் நார்மல்." அதை நம்பிக் காய்ச்சலோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள் பாப்பாயி.

போன வாரம் அவள் புருஷன் ராஜவேல் கிளினிக் சாவியைத் திருப்பித் தர வந்தான்.

"ரத்தத்துல புத்துநோயாங்க. முன்னாடியே டெஸ்ட்டு எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னாரு டாக்டரு. எடுத்தாச்சு, நார்மல்னு அக்கா சொல்லிட்டாங்கன்னு கடைசி மூச்சு வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

குற்றம் சொல்லியிருந்தால் தேவலை. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

இன்று புதன்கிழமை. லட்சுமிக்கு ஆட்சேபணை இல்லை. சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவது பொன்னம்மாளின் சொந்த ரத்தம்தான். அதன் ரீங்காரம் சுவர் வழியாக ஜெயசித்ராவின் பல்வரைக்கும் வந்து கூசவைத்தது.

கரண்ட் போனது.

ஏ.சி. அடங்கியது. கீழே பெயின்ட் கலக்கும் இயந்திரம் அடங்கியது. ரோட்டுச் சத்தம்கூடப் பஞ்சுக்குள் புதைந்ததுபோலத் தேய்ந்தது. சென்ட்ரிஃபியூஜ் மட்டும் சுற்றியது.

பின்பக்கம் போய் அதன் பிளக்கைப் பிடுங்கினாள்.

சுற்றியது.

கருகல் வாடை இன்னும் ஏறியது. படுக்கைக்குத் திரும்பி, போன் வெளிச்சத்தில் பஞ்சை நனைத்துக் கிரீமைத் துடைத்தாள். நெற்றி. பொன்னம்மாளுடையதுதான். மூக்கு. அதுவும்தான். வலது கன்னம் மழமழவென்று, விளம்பரத்தில் போடுகிற மாதிரி. இடது கன்னம்.

பஞ்சு தடுக்கியது.

அழுத்தித் துடைத்தாள். வெளுத்த இலை. ஓரம் சுருங்கிய இலை. அடுப்புப் பக்கமே போகாத பொன்னம்மாளின் கன்னத்தில். பார்க்கப் பார்க்க அது அகன்றது. நரம்பு விட்டது.

பொன்னம்மாளைக் கூப்பிட்டாள்.

இமைகள் திறக்கவில்லை. இரண்டு கைகள் மட்டும் மெல்ல எழுந்தன. மோதிரங்கள் மின்னின. கும்பிட்டன. பிரிந்தன. ஒன்று, உள்ளங்கை மேலாக, அவள் முன் நீண்டது.

உதடு அசைந்தது. மரத்துப்போன உதடு.

"ரிசல்ட்டு வந்துச்சாக்கா?"

சென்ட்ரிஃபியூஜ் நின்றது.

"எல்லாம் நார்மல்," என்றாள் ஜெயசித்ரா.