முசோனில் எத்தனை பாலங்கள்

மூன்று முறை திருத்தி அனுப்பிய பிறகும் அச்சுப்படியில் ஆறு என்றே இருந்தது. 'நகரின் நடுவே ஓடும் நதியின் மேல் ஆறு பாலங்கள் உள்ளன.' தாக் உன்ஜோ சிவப்புப் பேனாவை எடுத்து, தாள் கிழியும் அளவுக்கு அந்த ஆறை அடித்தாள்.

முசோன் நகராட்சியின் மக்கள் தொடர்புப் பிரிவில் அவளுக்குப் பதினொரு வருடம். 'நமது நகரம்: ஒரு பார்வை' என்ற கையேட்டை ஆண்டுதோறும் எழுதுவது அவள் வேலை. மக்கள்தொகை, பரப்பளவு, பள்ளிகள், பூங்காக்கள், பாலங்கள். அதை யாரும் படிப்பதில்லை. தப்பு இருந்தால் மட்டும் ஊரே படித்துவிடும்.

அச்சகத்துக்குப் போன் செய்தாள்.

"மேடம், நீங்க அனுப்புன ஃபைல்லயே ஆறுதான் இருக்கு."

"என் கம்ப்யூட்டர்ல அஞ்சுன்னு இருக்கு. அதப் பாத்துக்கிட்டுதான் பேசுறேன்."

"ஆனா ஆறுதானே மேடம் இருக்கு?"

போனை வைத்துவிட்டாள். அடுத்த மேசைப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆறுதான் அக்கா" என்றாள்.

பிரிவுத் தலைவர் பாங், காபித் தூள் பொட்டலத்தையே கரண்டியாகச் சுருட்டிக் காகிதக் கோப்பைக் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். உன்ஜோ அவர் முன்னால் நின்று விரல் விட்டு எண்ணினாள்.

"ரயில் பாலம், சந்தைப் பாலம், பழைய பாலம், மைதானத்துப் பாலம், புறவழிப் பாலம். அஞ்சு சார்."

"ஒண்ண விட்டுட்ட."

"எத சார்?"

கலக்கிய கை நின்றது. பிறகு மறுபடி கலக்கினார்.

"எல்லாரும் போற வர்ற பாலம்தாம்மா. பொறந்ததுல இருந்து இந்த ஊர்லயே இருக்க, இதக்கூட என்கிட்ட வந்து கேப்பியா? பஸ் ஏறிப் போய் எண்ணிட்டு வா. சாயங்காலம் அச்சுக்குப் போகணும்."

மூன்று மணி. டிசம்பர் மூடுபனி காலையிலிருந்தே விலகவில்லை. அடுக்குமாடிக் கட்டடங்கள் பத்தாவது மாடிக்கு மேல் இல்லாமல் போயிருந்தன. சுவர்களில் எழுதிய பெரிய கட்டட எண்களின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. நதிக்கரைச் சாலை வழியாகப் போகும் முப்பத்தொன்றாம் எண் பேருந்தில் ஏறி, கார்டைத் தட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஹீட்டரின் சூடான காற்றில் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும், யாரோ பிரித்த கிம்ச்சி ஊறுகாய்ப் பொட்டலத்தின் புளிப்பும், அவற்றுக்கு அடியில் மெலிதாகச் சேற்று வாடையும் கலந்து வந்தன. பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, வெங்காயத்தாள் துருத்திக்கொண்டிருந்த பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

உன்ஜோ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினாள். ரயில் பாலம். சந்தைப் பாலம். பழைய பாலம். ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள். ஐந்தாவதான புறவழிப் பாலமும் பனிக்குள் கரைந்து பின்னால் போனதும், திரும்பிப் போனதும் பாங்கின் மேசையில் இந்தப் படங்களை எப்படிப் போடுவது என்று யோசித்து, அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

இதற்குப் பிறகு பேருந்து இடப்பக்கம் திரும்பி நிலையத்துக்குப் போக வேண்டும்.

வலப்பக்கம் திரும்பியது.

சக்கரங்களின் சத்தம் மாறியது. தார்ச்சாலையின் உறுமல் போய், வெற்றிடத்தின் மேல் உருளும் அந்த உள்ளீடற்ற ஓசை. ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவர். விளக்குக் கம்பங்கள். கம்பங்களுக்கு அப்பால் வெறும் வெள்ளை.

அவள் எழுந்து முன்னால் போனாள். "அண்ணே, இது எந்தப் பாலம்?"

"ஓடுற வண்டியில நிக்காதீங்க. போய் உக்காருங்க."

"எந்தப் பாலம்னு கேக்குறேன். இங்க பாலமே கிடையாது."

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயமுறுத்தும் எதுவும் இல்லை; மாலை நேரத்தில் தகராறு செய்யும் பயணியைப் பார்க்கும் அலுப்பு மட்டுமே. "தெனமும் ஒரு ஆளு இப்படி வந்துடுது" என்றார், தனக்குள்.

"நிறுத்துங்க. நான் இறங்கணும்."

"பாலத்து மேல நிறுத்த மாட்டேன். ஸ்டாப் வரட்டும்."

இறங்கும் பொத்தானை அழுத்தினாள். பேருந்து முழுதும் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மறுபடி அழுத்தினாள். யாரும் திரும்பவில்லை. செல்போன்களில் விரல்கள் நகர்ந்தன. ஒருவர் கொட்டாவி விட்டார்.

சாலை இறங்கத் தொடங்கியிருந்தது.

பாலங்கள் நடுவில் இறங்குவதில்லை. ஆனால் இறங்கியது. கம்பியைப் பிடித்திருந்த அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேல் பனி இல்லை இப்போது. கறுப்பாக, அசைவில்லாமல், ஜன்னல் விளிம்புக்கு நேராக, நதி.

கதவிடுக்கில் ஒரு கோடாக உள்ளே வந்தது. தரையில் பரவியது. காலணிக்குள் ஐஸாய்க் குத்தியது.

"தண்ணி வருது!" அவள் குரல் உடைந்தது. "எல்லாரும் எந்திரிங்க! தண்ணி வருது!"

"கத்தாதம்மா, புள்ள தூங்குது" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

கதவை உதைத்தாள். கண்ணாடியை முழங்கையால் இடித்தாள். மறுபடி. மறுபடி. தண்ணீர் முழங்கால் வரை. தொடை. வைப்பர் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது. முகப்பு விளக்கின் வெளிச்சம் தண்ணீருக்குள் நீண்டு போனது. அதன் முன்னால் இன்னொரு பேருந்தின் பின்விளக்கு. அதற்கும் முன்னால் இன்னொன்று. வரிசையாக. கீழே. கீழே.

இடுப்பு.

வெங்காயத்தாள்காரி கண் விழித்தாள். அலுத்துக்கொண்டே பையைத் தூக்கி மடியில் வைத்தாள். பிறகு தலைக்கு மேல் கம்பியில் மாட்டினாள். உன்ஜோவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி இது, புதுசா? கத்தி மூச்ச வீணாக்காத. அந்தப் பக்கம் ஏற ரொம்ப நேரமாகும்."

தண்ணீர் கழுத்தைத் தொட்டது. பேருந்தில் இருந்த அத்தனை பேரும், தூங்கிய குழந்தை உட்பட, ஒரே நேரத்தில் முகத்தை மேலே தூக்கி, நிதானமாக, நீளமாக, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

உன்ஜோ இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.